கரையும் தையல்

அன்புள்ள மல்லிகா,

மகளும் பேத்தியும் நலம் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சிசேரியன் ஆகிவிட்டதே என்று வருந்தாதே.

உள்ளே போட்ட தையலைப் பிரிக்கவே மாட்டார்களாமே, அது தொல்லை தராதா என்று கேட்டிருந்தாய். கர்ப்பப்பைக்கு இப்போது பெரும்பாலும் விக்ரில் என்ற நூலைத்தான் போடுகிறார்கள். அது செயற்கை இழை. உடம்பிலுள்ள நீர் பட்டே கொஞ்சம் கொஞ்சமாக உடையும். இரண்டு வாரம் வரை முக்கால்வாசி பலம் இருக்கும், இரண்டு மாதம் சொச்சத்தில் இழையே இருக்காது. அதற்குள் தசை கூடிவிடும்.

நான் ஆபரேஷன் தியேட்டரில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கு பார்த்தாலும் கேட்கட் (catgut) என்ற நூல்தான். பெயரில்தான் பூனை, நூல் ஆட்டுக்குடலிலிருந்தோ மாட்டுக்குடலிலிருந்தோ வருவது. உறையைக் கிழித்தால் ஸ்பிரிட் வாடை குப்பென்று வரும், நூல் கம்பி மாதிரி விறைத்திருக்கும். 1869-லேயே லிஸ்டர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் அதைக் கிருமி கொல்லும் கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்துப் பயன்படுத்தியவர். ஆனால் அது மிருகப் புரதம். உடம்பு அதைச் செரித்துத்தான் கரைக்கும், அதனால் சுற்றிலும் சிவந்து வீங்கும். எத்தனை நாள் தாங்கும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். புண்ணில் சீழ் வைத்தால் சீக்கிரமே இற்றுவிடும். மாட்டுப் பைத்தியநோய்ப் பயத்தில் ஐரோப்பாவில் அதைக் கைவிட்டது எனக்குச் சரியாகவே படுகிறது.

பட்டுநூல் வேறு கதை. முடிச்சுப் போட அதைப்போல் கைக்கு இணக்கமானது கிடையாது. ஆனால் பின்னிய நூலாயிற்றே, இடுக்குகளில் கிருமி ஒளிந்துகொள்ளும். குடலிறக்க ஆபரேஷன் ஆன ஒரு பெரியவருக்கு மாதக்கணக்கில் சீழ் வடிந்துகொண்டே இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கறுப்பு சில்க் முடிச்சு! அதை எடுத்த பிறகுதான் புண் மூடியது. இன்றும் அவர் முகம் நினைவிருக்கிறது.

உன் பேரனின் தாடைக் காயத்துக்குப் போட்ட தையல் நைலானாக இருக்கும். ஒற்றை இழை, வழவழப்பு, கிருமி தங்காது. வழுக்கும் என்பதால் கூடுதல் முடிச்சுகள் போடுவோம். முகத்தில் ஐந்தாறு நாளில் பிரித்துவிடுவார்கள். தள்ளிப்போட்டால் தழும்பில் ஏணிப்படி போல் கோடு விழும், அதனால் சொன்ன தேதிக்கே கூட்டிப் போ.

அப்புறம், மகளின் காயத்தில் விக்ரிலின் ஊதா நூல் நுனி எட்டிப் பார்த்தால் யாரும் இழுக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டு. காய்ச்சலோ சீழோ தெரிந்தால் அன்றே போக வேண்டும்.

பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
சரோஜா