மிக்ஸிங் முடிவதற்குள்: ஓர் இளம் பாடகிக்குக் கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய ஒன்பது பாடல்களையும் கேட்டேன். கிட்டாரும் உறுமியும் சிந்தசைசரும் சேர்ந்த ஒரு தமிழ் ஆல்பம், எந்தத் திரைப்படத்தையும் சாராமல், சிங்கப்பூரில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில் உருவாகியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆயினும் பாராட்டு உனக்குப் பல பக்கங்களிலிருந்தும் வந்து சேரும் என்பதால், மிக்ஸிங் என்னும் ஒலிக்கலவை வேலை முடிவதற்குள் சொல்லியாக வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். பாடல்கள் நன்றாக இருக்கின்றன. அவற்றின்மேல் நீ ஏற்றியிருக்கும் மின்னிசையைக் கேட்டால்தான், அந்தப் பாடல்கள் தம் காலில் நிற்கும் என்று நீயே நம்பவில்லையோ என்று தோன்றுகிறது.

உனக்கு வழிகாட்டியது ஆங்கிலேயப் பாடகி பெத் ஆர்ட்டனின் ‘டிரெய்லர் பார்க்’ என்று எழுதியிருந்தாய். 1996இல் வந்த அந்த ஆல்பம் நாட்டுப்புறச் சாயலையும் நடன அரங்கின் மின்னிசையையும் இணைத்ததற்காகவே இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அதை எப்படி இணைத்தார்கள் என்பதைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். அதன் முதல் பாடலான ‘ஷி கிரைஸ் யுவர் நேம்’ அந்த ஆல்பத்தில்தான் முதன்முதலாக ஒலித்தது என்று நினைத்துவிடாதே. 1993இல் ஜப்பானில் மட்டும் வெளியான அவருடைய ‘சூப்பர்பிங்கிமேண்டி’யிலேயே அது இருந்தது. அதை அவருடன் சேர்ந்து உருவாக்கிய மின்னிசைக் கலைஞர் வில்லியம் ஆர்பிட், 1995இல் தம்முடைய ‘ஸ்ட்ரேஞ்ச் கார்கோ ஹின்டர்லேண்ட்’ தொகுப்பிலும் அதைச் சேர்த்தார். ஓராண்டு கழித்து ‘டிரெய்லர் பார்க்’கில் மூன்றாம் முறையாக வரும்போது, முன்னே நிற்பவை கிட்டாரும் டபுள் பாஸும் வயலினும்தான். அப்படி ஒரு மின்னிசைக் கலைஞரின் அரவணைப்பில் பிறந்த பாடல், அந்த அரவணைப்பிலிருந்து விலகி வந்த பிறகே எல்லோரையும் சென்றடைந்தது. முடிந்தால் மூன்று வடிவங்களையும் ஒரே மூச்சில் கேட்டுப் பார்.

இதை வைத்து நான் மின்னிசைக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடாதே. அதே ஆல்பத்தில் நடன இசைத் தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வெதரால் தயாரித்த பாடல்களும் உண்டு. கடைசிப் பாடலான ‘கேலக்ஸி ஆஃப் எம்ப்டினெஸ்’ ஏறத்தாழப் பத்து நிமிடம் நீள்கிறது. அங்கே கருவிகள் செய்யும் ஒரே வேலை, குரலுக்கு அவகாசம் கொடுப்பது. பாடுபவர் ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரிக்கு வர எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் அவை காத்திருக்கின்றன. உன் இரண்டாவது பாடலில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. நீ மூச்செடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிந்தசைசர் ஒலி ஓடிவந்து அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. (1999இல் வந்த ஆர்ட்டனின் ‘சென்ட்ரல் ரிசர்வேஷன்’ ‘டிரெய்லர் பார்க்’கைவிட நல்ல ஆல்பம் என்பது என் கட்சி. 2000இல் அவருக்குச் சிறந்த பிரிட்டிஷ் பாடகிக்கான பிரிட் விருது கிடைத்தது அதற்குப் பிறகுதான்.)

அடுத்தது உறுமி. நான்காவது பாடலில் நீ பயன்படுத்தியிருப்பது எங்கிருந்தோ தரவிறக்கிய, இரண்டு தாளவட்ட நீளமுள்ள ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கும் பதிவுத் துண்டு, என்று நினைக்கிறேன். உறுமியின் ஒரு பக்கத் தோலை நேர்க்குச்சியால் அடிக்கிறார்கள், மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். அடியை லூப் ஆக்கலாம், பெரிய கேடில்லை. தேய்ப்பில் எழும் முனகல் அப்படிப்பட்டதன்று. குச்சியை அழுத்தும் வேகத்துக்கேற்ப அதன் சுருதி ஏறி இறங்கும். ஒரு முறை வந்தது போல மறுமுறை வராது. உன் பாடலிலோ அதே முனகல், அதே இடத்தில், அதே வளைவோடு முப்பது முறைக்கு மேல் திரும்புகிறது. எட்டாவது முறையிலேயே அது உறுமியாக இல்லாமல், நின்று நின்று இயங்கும் பழைய குளிர்சாதனப் பெட்டியாகிவிடுகிறது. நம் ஊரில் உறுமி மேளக் குழுக்களுக்குப் பஞ்சமா என்ன? தைப்பூச ஊர்வலப் பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு 2016இல் அனுமதி கிடைத்த பிறகு, இளையர்கள் பலரை நாமே அங்கே கேட்டிருக்கிறோம். அடுக்குமாடி வீட்டில் உறுமியை வாசித்துப் பதிவு செய்ய முடியாது என்பது உண்மை; அண்டை வீட்டார் சும்மா இருக்க மாட்டார்கள். ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தை ஒரு பிற்பகலுக்கு வாடகைக்கு எடு. வாசிப்பவருக்குத் தாளம் காட்டும் கிளிக் ஒலியைக் கொடுக்காதே. உன் குரலையும் கிட்டாரையும் மட்டும் காதில் கொடு. பாடல் முழுவதையும் ஒரே ஓட்டமாக வாசிக்கச் சொல்லி, பிறகு வேண்டாத இடத்தை வெட்டிக்கொள்.

குரலைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். நிமிடத்துக்கு 100 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டின் கால் பகுதி 150 மில்லி விநாடி. உன் சொற்களை நீ கணினியில் அந்த அளவுக் கட்டங்களுக்குள் இழுத்துப் பொருத்தியிருக்கிறாய். நம் நாட்டுப்புறப் பாட்டில் அடி முடியும்போது கடைசி நெடிலைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னே இழுத்து நிறுத்துவார்கள். அந்தச் சிறு தாமதத்தில்தான் ஏக்கமெல்லாம் இருக்கிறது. நீயும் இயல்பாகவே அப்படித்தான் பாடுகிறாய் என்பது சென்ற ஆண்டு மேடையில் கேட்ட எனக்குத் தெரியும். அதை ஏன் திருத்தினாய்? சுருதியைத் திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருளும் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நீ வழுக்கிச் செல்லும் வழியைப் படிக்கட்டாக வெட்டியிருக்கிறது. இரண்டையும் முழுக்கக் கைவிட வேண்டியதில்லை. பாப் சாயலுள்ள ஐந்தாவது பாடலின் பல்லவிக்கு அந்த இறுக்கம் பொருந்துகிறது, அங்கே மட்டும் விட்டுவை.

ஆங்கில வரிகள் குறித்து எனக்கு மறுப்பில்லை. நாம் பேசுவதே அப்படித்தான்.

ஏழாவது பாடலில் கை வைக்காதே. விரல்கள் கம்பியில் நகரும் கீச்சொலியை நீக்காமல் விட்டிருக்கிறாய். கீழே ஒரே சுரத்தில் நிற்கும் சிந்தசைசர், இரண்டாவது சரணத்தில்தான் மெல்ல அரைச் சுரம் இறங்குகிறது. அந்த இறக்கத்துக்குப் பிறகு அதே வரி வேறு வரியாகக் கேட்கிறது. மின்னிசை இந்த ஆல்பத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு உன்னிடமே விடை இருக்கும்போது, மற்ற எட்டுப் பாடல்களையும் அதன் பக்கத்தில் வைத்துக் கேட்டு, எந்தக் கருவியின் டிராக்கை நீக்கினாலும் பாடல் குறையவில்லையோ அந்த டிராக்கை எடுத்துவிடு. ஆல்பத்தின் முதல் பாடலாகவும் இந்த ஏழாவது பாடலையே வை. வேகமான பாடலில் தொடங்க வேண்டும் என்று உன் நண்பர்கள் வற்புறுத்துவார்கள். அவர்கள் கேட்கும் பாடலைத் தனிப்பாடலாக முன்கூட்டியே வெளியிட்டுக்கொள்ளலாம்.

வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பான மாஸ்டரிங்கில் ஒலியை உச்சம்வரை ஏற்றச் சொல்லாதே. ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ -14 எல்யுஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. நீ நெருக்கி ஏற்றியதை அது இறக்கிவிடும். நெருக்கலில் போன ஏற்ற இறக்கம் மட்டும் திரும்பி வராது. உறுமிப் பதிவுக்கு நாள் குறித்ததும் சொல், நானும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா