அப்பாருக்கு, பாஸ்டனிலிருந்து

அன்புள்ள அப்பாருக்கு,

நல்லா இருக்கீங்களா? மூட்டுவலி தேவலையா? இங்கே ஜனவரியில் நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது, நேற்று வாசல் பனியை வாரித் தள்ளிவிட்டுத்தான் பஸ்ஸுக்கே போனேன். ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சோறு. சின்ன வெங்காயம்தான் யானை விலை.

நான் “ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை” பார்ப்பதாக அம்மா ஊரெல்லாம் சொல்லுதாம். அது இல்லைங்க அப்பாரு, ரத்தச் செல்லுக்குள் டிஎன்ஏ நூலை எப்படிச் சுற்றி வைத்திருக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. சோமனூரில் நாற்பது வருசம் தறி ஓட்டியவர் நீங்கள், உங்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ நூலை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும், அதை ஹிஸ்டோன் என்ற புரதக் கட்டைகளில், நாம் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற மாதிரி, சுற்றிச் சுற்றி அடக்கி வைத்திருக்கிறது. இறுக்கிச் சுற்றிய இடத்தில் இருக்கும் மரபணுவைச் செல்லால் படிக்க முடியாது. எலும்பு மஜ்ஜையில் ஒரே தாய்ச் செல்லிலிருந்துதான் சிவப்பணுவும் வருகிறது, வெள்ளையணுவும் வருகிறது. நூல் ஒன்றேதான், எங்கே பிரிப்பது, எங்கே இறுக்குவது என்பதில்தான் எல்லாம். கட்டையை நகர்த்தவும் கழற்றவும் என்றே புரதக் கூட்டங்கள் உண்டு, தறிக்குக் கரண்ட் மாதிரி அதுகளுக்குச் சக்தி கொடுப்பது ஏடிபி என்ற மூலக்கூறு. அதில் பிஆர்ஜி1 என்ற ஒன்றை எலிக்கருவில் எடுத்துவிட்டால், முதலில் உருவாகும் சிவப்பணுக்கள் ஹீமோகுளோபின் செய்ய முடியாமல் செத்துப்போகின்றன.

மூடுவதற்கும் ஆள் உண்டு. வயிற்றுப் பிள்ளைக்கென்று இருக்கும் ஹீமோகுளோபினைப் பிறந்த பிறகு மூடி வைப்பது பிசிஎல்11ஏ என்ற புரதம். சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு, அரிவாள் செல் நோய் என்பார்கள். அந்த நோயாளிக்கு இந்தப் பூட்டைத் தளர்த்தினால் பழைய ஹீமோகுளோபின் திரும்ப வந்து கைகொடுக்கும், அப்படி ஒரு சிகிச்சைக்கு 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்துவிட்டன. இங்கே அதன் விலை 22 லட்சம் டாலர். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த நோய் இருப்பதை 1952-லேயே கண்டுபிடித்தார்கள், நமக்கு மேட்டுப்பாளையம் தாண்டினால் அந்த மலைதானே! நினைத்தால் வயிறு எரிகிறது.

போன வாரம் ஒரு கூத்து. டிஎன்ஏ நூலில் திறந்திருக்கும் இடத்தை மட்டும் வெட்டும் என்சைமை 37 டிகிரியில் 30 நிமிடம் வைக்க வேண்டும், போன் பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் விட்டுவிட்டேன். ஒரு வார வேலை போச்சு. போனில் யார் என்று கேட்காதீங்க, அம்மாதான்.

சித்திரைக்கு வருகிறேன். பழைய தார்க்குச்சி ஒன்று எடுத்து வையுங்கள் அப்பாரு, லேபுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும்.

உங்கள் பேத்தி