இன்சூரன்ஸ் வவுச்சர்ல ஒரே ஒரு வரிய தமிழ்ல அச்சடிக்க சொல்லுங்க சார்

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தோட தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்ல சின்னதா ஒரு ஜாப் ஒர்க் யூனிட் வச்சிருக்கேன், கம்ப்யூட்டர்ல ஓடுற சிஎன்சி மெஷின் மூணு, ஏழு பசங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையில ஷெட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி நின்னுச்சு. தண்ணி வடிஞ்சு ஷட்டர தூக்குனப்போ கூலன்ட் டேங்க் முழுக்க சேறு, ஸ்பிண்டில்ல அதுக்குள்ள துரு ஏறிடுச்சு, கன்ட்ரோல் பேனல் கதவ திறந்தா கார்டுங்க நடுவுலேர்ந்து தண்ணி கொட்டுது. பெரிய மெஷினுக்கு இன்னும் 22 டியூ பாக்கி இருந்துச்சு சார்.

பாலிசி இருக்கேன்னு தைரியமா இருந்தேன், ஒரு வருஷம்கூட பிரீமியம் தவறவிட்டதில்ல. நஷ்டத்த கணக்கு போடுற சர்வேயர் வந்தாரு, போட்டோ எடுத்தாரு, அப்புறம் அந்த பில்லு குடு, ஸ்டாக் ரெஜிஸ்டர் குடுன்னு பத்து மாசம் ஓடிடுச்சு. நான் கேட்டது 18 லட்சம். கடைசியில டிஸ்சார்ஜ் வவுச்சர்னு இங்கிலீஷ்ல ஒரு தாள் வந்துச்சு, 7 லட்சத்து 40 ஆயிரம், இதோட என் கணக்கு முழுசா தீந்துச்சுன்னு. எதுல எவ்வளவு கழிச்சாங்கன்னு அதுல ஒண்ணுமே இல்ல. போன் பண்ணி கேட்டா தேய்மானம், ஸ்கிராப் மதிப்பு, அண்டர் இன்சூரன்ஸ், அதாவது உண்மையான மதிப்ப விட கம்மியா இன்சூர் பண்ணிருக்கேன்னு வாயால சொல்றாங்க, கையெழுத்து போட்டு அனுப்புனாதான் பணம் ரிலீஸ் ஆகும்ங்கறாங்க. ஆயுத பூஜைக்கு பத்து நாள்தான் இருக்கு, பசங்களுக்கு போனஸ் குடுக்கணும், பேங்க்ல தினமும் போன். போட்டுட்டேன்.

அப்புறம்தான் ஒரு வக்கீல் சொல்லி தெரிஞ்சுகிட்டேன். 1999லயே அஜ்மீர் சிங் காட்டன் மில் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, ஏமாத்தியோ நெருக்கடி குடுத்தோ வாங்குன கையெழுத்துன்னா, வவுச்சர் குடுத்துட்டான்ங்கற ஒரே காரணத்துக்காக மிச்ச பணத்த கேக்குற உரிமை போயிடாதுன்னு. உங்க ஆணையமே 2015 செப்டம்பர்ல சர்க்குலர் விட்டிருக்கீங்க, குடுக்க வேண்டிய தொகை முடிவானப்புறம் அத நிறுத்தி வைக்கக்கூடாது, கையெழுத்து போட்டாலும் கூடுதல் தொகை கேட்டு கோர்ட்டுக்கு போகலாம்னு. 2016லயும் மறுபடி சொல்லிருக்கீங்க. ரொம்ப நல்ல சர்க்குலர் சார், மனசார சொல்றேன். ஆனா அது கம்பெனிங்களுக்கு எழுதுனது, எங்க கைக்கு வர்றது அந்த வவுச்சர் மட்டும்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2014ல ஜீனஸ் பவர் கேஸ்ல, பாலிசி எடுத்த கம்பெனி கையெழுத்து போட்டு மூணு வாரம் கழிச்சுதான் நெருக்கடின்னு சொன்னாங்க, அதுக்கு ஆதாரமும் காட்டலன்னு சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கல. அப்போ போட்ட அன்னைக்கே, ஆட்சேபணையோட வாங்கிக்கறேன்னு நான் ஒரு மெயில் தட்டியிருந்தா என் நிலைமையே வேற. ரெண்டு நிமிஷ வேலை சார் அது. எனக்கு யாரும் சொல்லல, எங்க லைன்ல பாதி பேருக்கு இது தெரியாது. இன்சூரன்ஸ் புகார விசாரிக்கிற ஒம்பட்ஸ்மேன்கிட்ட காசு செலவில்லாம, வக்கீல் இல்லாம 50 லட்சம் வரைக்கும் போகலாம், என்ன மாதிரி தனி முதலாளிங்களும் போகலாம்ங்கறதும் தெரியாது.

நான் கேக்கறது இதுதான். கம்பெனிக்கே மறுப்பு இல்லாத தொகைய வவுச்சருக்கு காத்திருக்காம முதல்ல அக்கவுன்ட்ல போட சொல்லுங்க. வவுச்சர்ல கையெழுத்து போடுற இடத்துக்கு நேர் மேல, மிச்ச தொகைக்கு வழக்கு போடுற உரிமை உங்களுக்கு இருக்குன்னு அந்தந்த ஊர் பாஷையில பெரிய எழுத்துல அச்சடிக்க சொல்லுங்க. கழிச்ச கணக்க சர்வே ரிப்போர்ட்டோட சேத்து அனுப்ப சொல்லுங்க.

எங்க பின்னாடி தெருவுல பிரஸ் வச்சிருக்கற அண்ணன் நேத்து அவருக்கு வந்த வவுச்சர எடுத்துட்டு வந்து, தம்பி இதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டாரு. திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்து வேணும்னு சொல்லியிருக்காங்களாம் சார்.