காயிலை மாற்றும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாயிண்ட் (மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி வரவைக்கும் தொடுமுனை) வைத்த பழைய அவுட்போர்டு மோட்டார், அதாவது படகின் பின்னால் மாட்டும் மோட்டார், கிளம்பாவிட்டால் உடனே பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றச் சொல்கிறார்கள். பெரும்பாலும் வீண் செலவு. முதலில் அணைக்கும் சுவிட்சின் வயரைக் கழற்றிப் பாருங்கள். உப்பேறிய சுவிட்ச் தீப்பொறியையே கொன்றுவிடும். பெட்ரோல் டேங்கைத் தள்ளி வைத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கை என்ஜின் உடம்பில் அழுத்திக் கயிற்றை இழுங்கள். நீலப்பொறி பளிச்சென்று பாய வேண்டும்.

மஞ்சளாக மெலிந்தால், பாயிண்டைப் பார்க்க அதை மூடியிருக்கும் காந்தச் சக்கரமான ஃபிளைவீலைக் கழற்றுங்கள். தயவுசெய்து சுத்தியல் வேண்டாம், இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் போடுங்கள். சுத்தியல் அடித்தால் காந்தம் விரிசல் விடும். பாயிண்டின் முகத்தில் சாம்பல் பூச்சு படர்ந்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோல் தொட்ட துணியால் துடைக்கவும். ஜான்சன், எவின்ரூட் பழைய மோட்டார்களுக்குப் பாயிண்ட் இடைவெளி 0.5 மி.மீ. முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இப்படிக்கு,
படகு மோட்டார் மெக்கானிக், தங்கச்சிமடம்