அந்தக் கடைசிக் காட்சி

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. முழங்கால் வலி, சின்னவளின் பிரசவம் என்று ஓடிவிட்டது. பேத்தி பிறந்திருக்கிறாள், இருவரும் நலம். உன் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? தங்கச்சிக்குத் தெரியாமல் இன்னும் மைசூர்பாகு வாங்குகிறாய் என்று வாத்தியார் போட்டுக்கொடுத்துவிட்டார். திருந்தவே மாட்டாயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதமாக யெகத்தெரீனா ஃபூர்த்சேவாவைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். 1960 முதல் 1974இல் சாகும்வரை சோவியத் கலாசார அமைச்சர். அம்மா நெசவாலைத் தொழிலாளி. இவரும் பதினைந்து வயதிலேயே தறிக்குப் போனவர். நம் ஆலைத் தெருப் பெண் ஒருத்தி அந்த நாற்காலி வரை போனதுபோல எனக்குப் பெருமையாக இருந்தது. மாஸ்கோ நகரக் கட்சிச் செயலாளராக இருந்து, 1957இல் பழைய தலைவர் மோலொத்தோவின் கூட்டம் அப்போதைய கட்சித் தலைவர் குருஷேவைக் கவிழ்க்கப் பார்த்தபோது அவர் பக்கம் உறுதியாக நின்றார். அதே வருஷம் கட்சியின் உச்சக் குழுவில் முழு உறுப்பினரானார்.

நாலே வருஷம். 1961 அக்டோபர் மாநாட்டில் அதே குருஷேவின் ஆட்கள் அவரை அந்தக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கை நரம்பை அறுத்துக்கொண்டார். எப்படியோ காப்பாற்றினார்கள். அமைச்சர் பதவி மட்டும் மிஞ்சியது.

இவ்வளவு பட்ட மனுஷி அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? 1969இல் மாஸ்கோவின் தகன்கா நாடக அரங்கில் இயக்குநர் யூரி லியூபிமோவ் ஒரு நாடகத்தைத் தயார் செய்கிறார். கூட்டுப்பண்ணையில் உழைத்தும் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற முடியாமல் வெளியேறும் ஒரு குடியானவனின் கதை. அம்மையார் வந்து பார்த்தார், தடுத்துவிட்டார். அது மேடையேறியது 1989இல். இருபது வருஷம், சேகர்! அந்த நடிகர்கள் வசனத்தை எத்தனை காலம் நெஞ்சுக்குள் வைத்திருந்திருப்பார்கள்!

அவரை அரக்கி என்று தள்ளவும் மனம் வரவில்லை. 1922இல் நாட்டை விட்டுப் போன ஓவியர் ஷகால் 1973இல் மாஸ்கோவுக்கு வந்தது அவர் காலத்தில்தான். மறு வருஷம் மோனாலிசாவும் வந்தது. ஒரு கையால் கதவைத் திறந்துகொண்டே இன்னொரு கையால் சாத்தியிருக்கிறார். கடைசியில் டாச்சா என்கிற புறநகர் ஓய்வு வீடு கட்டிய விவகாரத்தில் கட்சியின் கண்டனம் வாங்கி, அறுபத்து மூன்று வயதில் போய்ச்சேர்ந்தார். இதயம் நின்றது என்றார்கள். விஷம் என்ற பேச்சும் இன்றுவரை அடங்கவில்லை.

இரவில் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தபோது உன் நாடகம் நினைவுக்கு வந்தது. 1978 மே தினம். கடைசிக் காட்சியில் அந்தக் கூலிக்காரி நம் தலைவர்களைப் பார்த்துக் கேட்பாளே, அந்தக் கேள்வி. நேரம் போதாது என்று சொல்லித்தான் உன்னை அதை எடுக்க வைத்தேன். நேரம் இருந்தது, சேகர். இருபது நிமிடம் முன்பே கூட்டம் கலைந்தது. யாரும் என்னிடம் தடுக்கச் சொல்லவில்லை. மேலே இருப்பவர்கள் முகம் சுளிப்பார்களே என்று நானாகவே பயந்து செய்தேன். நீ ஒன்றும் சொல்லாமல் பிரதியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாய். அதற்கப்புறம் நீ நாடகம் எழுதவே இல்லை. கல்யாணம், வேலை என்று நீ சொன்ன காரணத்தை நானும் நம்புவதுபோல இருந்துவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு. நாற்பது வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியது.

அந்தப் பிரதி இன்னும் இருக்கிறதா? இருந்தால் கடைசிக் காட்சியை மட்டுமாவது ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. இல்லையென்றால் நினைவிலிருந்து எழுதி அனுப்பு. அவள் முதலில் கேட்பது கூலியைப் பற்றியா, பிள்ளையைப் பற்றியா என்று எனக்கு மறந்துவிட்டது.

உன்,
ராமு