பிசிறு தட்டும் இடம்

பாம்பன்,
ஆனி மாதம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. கச்சான் காற்று மட்டும் ஓயவில்லை. நம் ரேடியோ ரிப்பேர் கடையின் முன் தகரம் இரவெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கிறது.

உன் கிட்டாருக்கு வாங்க நினைக்கும் இரண்டு பழைய ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்களை, கண்ணாடிக் குழாய் வால்வு போட்ட அந்த ட்வின் ரிவெர்பையும் டீலக்ஸ் ரிவெர்பையும், கடையில் வாசித்துப் பார்த்து நீ கைபேசியில் அனுப்பிய இரண்டு பதிவுகளையும் கேட்டேன். உன் அம்மாவும் கேட்டாள், கேட்ட கையோடு தீர்ப்பும் சொல்லிவிட்டாள்: "முதலாவது சளி பிடித்தவன் பேசுவது மாதிரி இருக்கிறது. இரண்டாவதையே வாங்கச் சொல்லுங்கள்." எனக்கு அவ்வளவு வேகம் வரவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, பதிவை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை என்று முடிவுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

கைபேசியில் இருக்கும் மைக் சத்தம் கூடினால் தானே அமுக்கும், குறைந்தால் தானே தூக்கும். நீ தந்தியை மெல்லத் தொட்டதும் ஓங்கி அடித்ததும் எனக்கு ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்து சேர்ந்தன. வால்வு ஆம்ப்ளிஃபயரின் சுத்தமான ஒலியை எடைபோட வேண்டிய இடம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அதைத்தான் கைபேசி தின்றுவிட்டது. இரண்டாவது பதிவு கொஞ்சம் சத்தமாகவும் இருந்தது. ஒரே பொருளை இரண்டு தடவை கேட்கவைத்து, ஒன்றைச் சற்றே கூட்டிவைத்தால், கூட்டியதையே நல்லது என்று சொல்வது மனிதக் காதின் குணம். இதை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

நீங்கள் 'கிளீன்' என்கிறீர்கள். எங்கள் கடையில் 'பிசிறில்லாத சத்தம்' என்போம். அதில் நான் ஒரு முறை ஏமாந்த கதை உனக்குத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன்பு நடந்தது. ஒரு மெல்லிசைக் குழுவின் கிட்டார்காரருக்கு, இரண்டு இஎல்34 வால்வு போட்ட பழைய மைக்செட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் திருத்திக் கொடுத்தேன். பத்துக்குப் பத்து அறை நம் கடை. அங்கே வால்யூம் குமிழைக் கால்வாசி திறந்தாலே மணி அடித்த மாதிரி இருந்தது. அவரும் கேட்டார், தலையாட்டினார், எடுத்துக்கொண்டு போனார். திருவிழா மேடையோ கடலை ஒட்டிய மணல்வெளி. சுவர் கிடையாது, காற்று வேறு. பின்னால் டிரம்ஸ். அவர் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பினார். மெல்லிய தந்திகள் ஒரு மாதிரி சமாளித்தன. கனத்த தந்தியைத் தொட்டபோது, நனைந்த பாயை உதறுவது போல ஒரு சத்தம் வந்தது பார், இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. குழுத் தலைவர் மேடையிலிருந்தே என்னைத் தேடினார். பேசிய கூலியில் பாதிதான் கைக்கு வந்தது. தவறு என்னுடையதுதான். கடையில் கால்வாசிச் சத்தத்தில் கேட்டுவிட்டுக் கடற்கரைக்கும் சேர்த்து உத்தரவாதம் கொடுத்தவன் நான்.

ஆகவே அந்தக் கடைக்கு மறுபடியும் போ. உன் கிட்டாரையும் உன் வயரையும் கொண்டு போ. கடைக்காரரின் விலையுயர்ந்த கிட்டாரில் வாசித்துப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பெட்டிக்குள் ஸ்பிரிங் வைத்து உண்டாக்கும் எதிரொலியைப் பூஜ்யத்தில் வைக்கச் சொல். அது பவுடர் பூசிய முகம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பெட்டிகளையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவா. பிறகு மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போ, பிசிறு தட்டும் வரைக்கும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எந்த இடத்தில் உடைகிறது என்று தெரிந்தால்தான், நீ வாசிக்கப்போகும் சத்தத்துக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று தெரியும்.

உடையத் தொடங்குவதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு தந்தியை மட்டும் மீட்டினால் காது ஏமாறும். கொஞ்சம் உடைந்தால்கூட 'கனமாக இருக்கிறது' என்று பாராட்டிவிடும். அதனால் பக்கத்துப் பக்கத்துத் தந்திகளில் நெருங்கிய சுரங்கள் இரண்டைச் சேர்த்து மீட்டு. ஆம்ப்ளிஃபயரில் இடம் இருக்கும்வரை இரண்டும் இரண்டாகவே கேட்கும். இடம் தீர்ந்ததும், நீ வாசிக்காத மூன்றாவது ஆள் ஒருவன் அடியிலிருந்து உறுமத் தொடங்குவான். இரண்டு அலைகள் நெரிசலில் ஒன்றையொன்று இடிக்கும்போது அவற்றின் வித்தியாசம் தனி ஒலியாகப் பிறக்கிறது; அவன்தான் அந்த மூன்றாவது ஆள். மைக்செட்டில் இரண்டு பேர் சேர்ந்து பாடும்போது அவனைப் பிடித்துப் பழகியவன் நான். அவன் குரல் கேட்ட இடத்தில் குமிழ் எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்துக்கொள்.

அதற்காகச் சுத்தம் என்றால் ஒன்றுமே சேராதது என்று நினைத்துவிடாதே. அப்படி இருந்தால் டிரான்சிஸ்டர் பெட்டியே போதும், எடையும் விலையும் குறைவு. கிட்டாரின் சத்தம் முதலில் நுழையும் முன்பக்கத்துச் சின்ன வால்வுகள், அந்த 12ஏஎக்ஸ்7, நீ ஸட்ஜமம் வாசித்தால் மேல் ஸட்ஜமத்தையும் ஒரு துளி கலந்து தரும். கேட்பவனுக்குத் தனியாகத் தெரியாது, குரலுக்குச் சதை பிடித்த மாதிரி இருக்கும். கடைசிக் கட்டத்தில் வால்வுகள் ஜோடியாக, ஒன்று தள்ள மற்றொன்று இழுக்க வேலை செய்வதால், அங்கே பிறக்கும் மேல் ஸட்ஜமங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது மேல் ஸ்தாயிப் பஞ்சமமும் அதன் உறவினர்களும். கொஞ்சமாக இருந்தால் துடிப்பு, கூடினால் கரகரப்பு.

ட்வின் ரிவெர்ப் 85 வாட், டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட், ஆகவே பெரியது நான்கு மடங்கு சத்தம் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் வியாபாரி, சொல்லத்தான் செய்வார். வாட் இரட்டித்தால் கூடுவது மூன்று டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆறு டெசிபல்கூட முழுதாக வராது. அதே ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் கொடுக்கும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 கொடுக்கும் ஸ்பீக்கரைப் போட்டால், வால்வைத் தொடாமலே ஆம்ப்ளிஃபயரின் வாட்டை இரட்டித்த மாதிரிதான்.

இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. ட்வினில் 6எல்6 வால்வு நான்கு, இரண்டு ஸ்பீக்கர். மாறி மாறி ஓடும் மின்சாரத்தை ஒரே திசைக்கு நேராக்குவது டயோடு. நீ எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அடித்த இடத்தில் அடித்தபடி நிற்கும். டீலக்ஸில் 6வி6 இரண்டுதான், நேராக்கும் வேலையையும் ஒரு வால்வே செய்கிறது. ஓங்கி அடித்தால் அந்த வால்வு ஒரு கணம் திணறும், மின்னழுத்தம் இறங்கும், பிறகு ஏறும். நம் கரையில் கடல் உள்வாங்கிவிட்டுத் திரும்புவதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. அந்த மாதிரி, ஒலி கொஞ்சம் உள்வாங்கி எழும். மெல்லிய பாட்டுக்கு அது அழகு. வேகமாக வெட்டி வெட்டி வாசிப்பவருக்கு எரிச்சல். நீ எப்படி வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும் என்றாலும், உன் விரல் சொல்வதையே கேள்.

இவற்றைச் செய்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1938-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தவர். வாசிக்கிறவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்தித் திருத்திச் செய்தார். ரேடியோ ரிப்பேர்காரனுக்கு இசையைப் பற்றி என்ன தெரியும் என்று உன் பெரியப்பா என்னைக் கிண்டல் செய்வாரே, இதை அவருக்கும் அனுப்பு.

பழைய பெட்டி என்பதால் இன்னும் சில. கிட்டாரைச் செருகாமல் போட்டுவிட்டு, சூடேறும்வரை காத்திருந்து, வெறும் இரைச்சலைக் கேள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சைக்கிள். தடித்த 'ம்ம்' என்று 50-இல் உறுமினால் வால்வு சூடாக்கும் கம்பியிலோ எர்த்திலோ கோளாறு இருக்கலாம். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 100-இல், கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் மின்சாரத்தைச் சலிக்கும் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும். அப்படிப்பட்ட பெட்டியில் சத்தம் கூடும்போது ஒவ்வொரு சுரத்தின் அடியிலும் அந்த இரைச்சல் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு பென்சிலின் மரப்பக்கத்தால் சின்ன வால்வுகளை மெல்லத் தட்டச் சொல். தட்டியது ஸ்பீக்கரில் கிண்ணென்று நீண்டு ஒலித்தால் அந்த வால்வை மாற்ற வேண்டும். அது பெரிய செலவில்லை. அமெரிக்காவில் விற்றது என்றால் 120 வோல்ட்டுக்குச் செய்ததா என்று முதலில் பார். நம் 230-இல் நேராகச் செருகினால் அத்தோடு சரி. எக்காரணம் கொண்டும் நீயாகப் பெட்டியின் உள்ளே கை வைக்காதே. நிறுத்திய பிறகும் கண்டென்சருக்குள் 400 வோல்ட் பதுங்கி இருக்கும். என் இடது கட்டைவிரல் வடு எப்படி வந்தது என்று நீ சின்ன வயதில் கேட்டபோது மீன் முள் என்று சொன்னேன். முள் இல்லை.

என்னைக் கேட்டால் டீலக்ஸ். பாடகர் குழுவோடும் சின்ன அரங்கிலும் வாசிக்கிற உனக்கு அதில் இடம் போதும். ட்வின் முப்பது கிலோவுக்குப் பக்கத்தில் வரும், மூன்றாவது மாடிக்கு யார் தூக்குவது? ஓங்கி அடிக்கும் டிரம்ஸ்காரரோடு சேரப்போகிறாய் என்றால் மட்டும் 22 வாட் திணறும், அப்போது மறுபடி எழுது. எதை வாங்கினாலும் இங்கே கொண்டுவந்து மாதக்கணக்கில் வைத்துவிடாதே. இந்த உப்புக் காற்றில் வால்வு சாக்கெட்டெல்லாம் பச்சை பூத்து, குமிழைத் திருப்பினால் கரகரவென்று இரையும். நான்கு நாள் என்றால் தாராளமாகக் கொண்டுவா. திண்ணையில் வைத்து வாசித்துக் காட்டு, கைபேசி இல்லாமல் நான் கேட்க வேண்டும்.

பழைய பிஸ்கட் டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்திருந்த ஈசிசி83 இரண்டை எடுத்துச் சோதித்துப் பார்த்தேன், நன்றாக இருக்கின்றன. ஐரோப்பாக்காரர்கள் வைத்த பெயர் அது, உன் 12ஏஎக்ஸ்7-ம் அதுவும் ஒன்றுதான். நெத்திலிக் கருவாட்டுப் பார்சலிலேயே வைத்து அனுப்பலாம் என்றேன். கருவாட்டு வாடை வால்வுக்குள் போய்விடும் என்று உன் அம்மா விடவில்லை. உள்ளே காற்றே கிடையாது, வாடை எப்படிப் போகும் என்று விளக்கிப் பார்த்துவிட்டேன். இரண்டு பார்சலாக வரும்.

அன்புடன்,
அப்பா