தளர்வுக்குப் பின் ஒரு தயக்கம்

பாளையங்கோட்டை,
2022 ஏப்ரல் 5

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் மகளின் திருமண அழைப்பிதழ் கிடைத்தது. சித்திரையில் அம்பாசமுத்திரத்தில் மணம் என்றறிந்து நானும் என் மனைவியும் பெரிதும் மகிழ்ந்தோம். கொரோனாக் கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்கிவிட்டதால் ஒருவர் விடாமல் அழைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எழுந்த கலக்கத்தைத் தங்களிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மத்திய அரசு பிறப்பித்திருந்த உத்தரவுகள் மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்தன. தொற்று கண்டவர் வீட்டில் தனித்திருக்க வேண்டிய காலம் ஜனவரியிலேயே 10 நாளிலிருந்து 7 நாளாகக் குறைந்தது. கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லையென்றால் போதும். ஊரடங்கில் பீடி சுற்றும் பெண்கள் கூலியின்றித் தவித்ததை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே தளர்த்தியது தவறென்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் என் மனைவிக்கு, தங்கள் மதினிக்கு, இருப்பது மாற்றுச் சிறுநீரகம். அதை உடல் ஏற்க மறுத்துவிடாதபடி அவள் நாள்தோறும் உண்ணும் மருந்து நோய் எதிர்ப்பு ஆற்றலை அடக்கி வைப்பதால், மூன்றாம் ஊசியான முன்னெச்சரிக்கைத் தவணையும் போட்டுக்கொண்ட பின்னும், பிறருக்குக் கிடைக்கும் அளவு காப்பு தடுப்பூசியால் அவளுக்குக் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியவில்லை. சென்ற மாதம் பங்குனி உத்திரம் முடிந்து, அடுத்த வீட்டுப் பிள்ளை சாஸ்தா கோயில் பிரசாதத்தோடு வந்து, "ஏழு நாள் முடிஞ்சிட்டு, பெரியம்மா" என்று சொல்லிக் கூடத்தில் அமர்ந்தான். இருமல் மட்டும் விட்டபாடில்லை. விதியை அவன் மீறவில்லை, அன்போடுதான் வந்தான். அவனை எழுந்து போகச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

என் கலக்கத்தின் வேர் அதுதான். சென்ற ஆண்டு "அரசு உத்தரவு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; இழவு வீட்டில் துக்கம் கேட்கும் துஷ்டிக்குப் போகாததைக்கூட யாரும் குறையாக எண்ணவில்லை. இப்போது அதையே என் வேண்டுகோளாக நான் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்பவர்களுக்கோ அது உறவை விலக்குவதாகப் படுகிறது. அண்மையில் சித்தப்பா முறையுள்ள ஒருவரின் துஷ்டிக்குப் போய் வாசலிலேயே நின்று திரும்பினேன். உள்ளே வந்து பாயில் உட்காராமல் என்ன துஷ்டி கேட்கிறாய் என்று பெரியவர் ஒருவர் கேட்டது இன்னும் உறுத்துகிறது. மகேந்திரகிரியில் ராக்கெட் ஆய்வுக்கு வைத்திருந்த திரவ ஆக்சிஜனை மருத்துவமனைகளுக்கு அனுப்ப நேர்ந்த அந்த மே மாதம் கழிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மக்கள் மறக்க விரும்புவது புரிகிறது, ஆனால் மறக்க இயலாத வீடுகளும் ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

திருமணத்துக்கு நான் மட்டும் வருவேன். தாலி கட்டியதும், பந்தியில் அமராமல், வாழ்த்திவிட்டுத் திரும்புவேன். தாங்களும் வீட்டாரும் தவறாக எண்ண வேண்டாம். மறுவீடு முடிந்தபின் மணமக்களை அழைத்து வாருங்கள். முற்றத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு விருந்து வைக்க வேண்டும் என்று அவள் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். யாருக்கேனும் காய்ச்சலோ இருமலோ இருந்தால் மட்டும், அது முற்றிலும் தணியும்வரை பயணத்தைத் தள்ளி வையுங்கள். இதைத் தங்களிடம் கேட்க எனக்குத் தயக்கமில்லை.

தங்கள் அன்பு நண்பன்